சித்தியின் பாதிச் சிரிப்பு

"ஒரு வார்த்தைகூடப் பேசாதவளைப் போயி, வம்பு பேசி ஒருத்தி பொழப்பைக் கெடுத்தாள்னு சொல்ல முடியுமா?"

சித்தி இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்த நேரம் அது. நடந்ததை முழுதாக எழுதிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும் போலிருக்கிறது.

சித்தி ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தாள். மாதம் ஒருமுறை அந்தத் துறைக்காரர்கள் ஏதாவது ஓட்டல் ஹாலில் கூடுவார்கள். மேடையில் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசுவார். எப்போது முடிப்பார் என்று மற்றவர்கள் காத்திருப்பார்கள். உண்மையான கூட்டம் அதற்குப் பிறகு, காபி மேசையைச் சுற்றித்தான். கழுத்தில் தொங்கும் அட்டையை முதலில் பார்ப்பார்கள், முகத்தை அப்புறம். யார் எதை விற்கிறாரோ அதுவே அவர் பெயர்: பிஸ்கட், பெயின்ட், ஷாம்பு. சித்திக்கு மட்டும் தனிப்பெயர், ரேடியோ. "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க" என்று அவள் ஆரம்பித்தால், கையில் காபியோடு நாலு பேர் நெருங்கி வந்துவிடுவார்கள்.

அவளுடைய உயிர்த்தோழி சோப்பு. சோப்புக் கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிப் பல மாதமாகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, பள்ளிக்குப் போகும் மகள், சம்பாதிக்க அவள் ஒருத்திதான். பிஸ்கட் கம்பெனியில் நேர்முகம் எல்லாம் முடிந்து, மார்க்கெட்டிங் தலைவர் தலையசைப்பது ஒன்றுதான் பாக்கி.

"அவர் உன்கிட்டதான்டி விசாரிப்பார். நாலு வார்த்தை நல்லதா சொல்லு."

"நாலா? போதும் விடுங்கன்னு அவரே கையெடுத்துக் கும்பிடற வரைக்கும் சொல்றேன், போதுமா?"

கூட்டத்தன்று மதியம் சித்திக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். ஊசியில் முகத்தின் ஒரு பக்கம் மரத்துவிட்டது. கொடுத்த வாக்குக்காக அப்படியே கிளம்பிப் போனாள். பிஸ்கட் அவளைத் தேடி வந்தார்.

"உங்க ஃப்ரெண்ட் எப்படி மேடம்? எடுத்துக்கலாமா?"

சித்தி வாயைத் திறந்தாள். நாக்கு கட்டையாகக் கிடந்தது. எச்சில் வழிவது தெரிந்ததும் கூசிப்போய், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். ஒரு பக்க உதடுதான் ஏறியது.

"புரியுது மேடம், புரியுது" என்றார் அவர். பல்வலியைப் புரிந்துகொண்டார் என்று சித்தி நிம்மதியானாள். நாளைக்கு போனில் பேசிக்கொள்ளலாம்.

விடிந்தால் முகம் வீங்கிக் காய்ச்சல். எழுந்து உட்காரவே இரண்டு மூன்று நாள் ஆனது. முதலில் வந்தது பெயின்ட்டின் போன்.

"ஏய் ரேடியோ, சோப்பு விஷயத்துல நீயே வாயைத் திறக்கலையாமே? அப்ப சமாச்சாரம் பெருசாதான் இருக்கும்னு பேசிக்கறாங்க. எனக்கு மட்டும் சொல்லேன், என்னதான் பண்ணா?"

சித்தி உடனே பிஸ்கட்டைக் கூப்பிட்டு, பல், ஊசி, காய்ச்சல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஃப்ரெண்டை விட்டுக்கொடுக்க மனசு வராது, தெரியும் மேடம். வேற ஆளை எடுத்தாச்சு. நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க. முன்னாடி அந்த ஷாம்பு பையனைப் பத்திக் கேட்டப்பவும் இப்படித்தானே சிரிச்சீங்க? ஒரு வார்த்தை தப்பா சொல்லல. நான் அப்பவே புரிஞ்சுகிட்டு அவனை விட்டுட்டேன்."

போனை வைத்த பிறகுதான் சித்திக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்தப் பையன் யாரென்றே அன்று அவளுக்குத் தெரியாது. ரேடியோவாக இருந்துகொண்டு தெரியாது என்று எப்படிச் சொல்வது? அதனால் மர்மமாகச் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒருவனுடைய வேலை பலியானது அந்த போன் வரை அவளுக்குத் தெரியாது.

சோப்பின் வீட்டுக்குப் போய்ச் சித்தி எல்லாவற்றையும் சொன்னாள், ஷாம்பு பையன் கதை உட்பட. சோப்பு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவதை நிறுத்தவில்லை.

"நீ என்னைத் திட்டியிருந்தா, நான் அப்படியில்லன்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம். சிரிப்புக்கு என்னத்தடி பதில் சொல்றது?"

அதற்குப் பிறகு அவள் சித்தியின் போனை எடுக்கவே இல்லை. இப்போது ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு பில் போடுகிறாள். சித்தி கூட்டங்களுக்குப் போவதில்லை. அதற்கும் அங்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறார்களாம்.

என் பதில்: சொல்ல முடியும். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து, அந்த ஹால்களுக்குப் போகிற யாரையாவது தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். சோப்பு வேலையில் கெட்டிக்காரி. ஷாம்பு பையனைப் பற்றி என் சித்திக்கு ஒன்றுமே தெரியாது.