வெங்காயப் பூப் போட்ட பை

என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கைப்பை கொண்டுவருவார். அப்படி வந்த ஐந்து பைகள் என் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கின. எல்லாம் நல்ல பைகள்தான். ஒரேயொரு குறை, எந்தப் பையிலும் இரண்டு கைபிடிகளும் ஒத்துப்போனதில்லை. ஒன்று சற்று நீளமாக இருக்கும், அல்லது ஒரு பக்கம் சரிந்திருக்கும். கனடாக்காரருக்கு ஒரு தோள் உயரமாக இருக்குமாக்கும் என்று கணவரிடம் சொல்லிச் சிரிப்பேன். அவர் சிரிப்பதில்லை.

பையைவிட அதோடு வருகிற கேள்விதான் பாரம். சுன்னாகத்தில் நான் பஸ்ஸில் ஏறினால், "மச்சாள் தந்ததோ?" என்று யாராவது பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பையோடு நிற்பதில்லை. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நானே தெரிந்தெடுத்து வாங்கிய குடையைப் பார்த்தும் அதே கேள்வி. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் போதும், உள்ளூரில் இருப்பவர் ஒரு பொருளையும் தானாக வாங்கியிருக்க முடியாது, செய்திருக்கவே முடியாது. இது எனக்குள் வருடக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது.

கணவரின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் முற்றாகி, மச்சாள் வருகிறார் என்று தெரிந்த அன்றே முடிவு செய்தேன். உடுவிலில் நடக்கப்போகும் பொன்னுருக்குச் சடங்குக்கு நானே தைத்த பையோடு போவேன். மச்சாள் அதைப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்க வேண்டும். நான்தான் தைத்தேன் என்று நான் சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய ஆசைகள் உள்ளவர்கள் உலகத்தில் இருக்கலாம். எனக்கு அந்த இரண்டு மாதமும் வேறு ஆசை இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் துணிக்கடையில் செற்றிக்கு, அதாவது சோபாவுக்கு, உறை தைக்கிற துணி கிடந்தது. செங்கல் நிறம். பார்த்தால் மான்தோல், தொட்டாலும் மான்தோல், ஆனால் துணி. "தோல் எண்டே நினைப்பினம் அக்கா," என்றார் கடைக்காரர். அந்த வார்த்தைக்காகவே வாங்கினேன். அது பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

தையல் சொல்லித்தரும் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தத் துணியை ஒரு பக்கம் தடவினால் வெளிறும், மறுபக்கம் தடவினால் இருளும் என்பதை அவள் சொல்லவில்லை. நான் முன்பக்கத்தை நேராகவும் பின்பக்கத்தைத் தலைகீழாகவும் வெட்டிவிட்டதால், என் பைக்கு முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம். குண்டூசி குத்தினால் தழும்பு விழுந்தது. ஆகவே உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை மாட்டித் தைத்தேன். அந்த வாரம் கணவரின் சேட்டுகள் கொடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு வளவில் கிடந்தன.

பூ வேலைக்கு வீடியோக்காரி றோசாப் பூப் போட்டாள். றோசாவை எல்லோரும்தான் போடுகிறார்கள். எங்கள் வீட்டு மதிலுக்கு அங்கால் வெங்காயத் தோட்டம், அதில் பூத்திருந்ததையே போட்டேன். நீண்ட காம்பு, உச்சியில் வெள்ளை உருண்டை, முழுவதும் முடிச்சுத் தையல். மூன்று பூவுக்கு இருபத்தொரு நாள், மூன்று முழுக் கிழமை, போனது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, பஞ்சு முட்டாய் நல்லாயிருக்கு என்றார். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாயிருக்கு. கோவிட் கிருமிக்கு ஏன் காம்பு வைச்சனீர்?"

அவருக்கு அன்று பின்னேரத் தேநீர் கிடைக்கவில்லை.

உள்பக்கத்துக்கு ஒரு துணி தேவைப்பட்டது. போன முறை மச்சாள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சேலை கொடுத்திருந்தார். கிளிப்பச்சையில் உள்ளங்கையளவு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். ஒருத்தி கட்டினால் இன்னொருத்தியும் அதையே கட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்ற பயத்தில் ஒருவரும் கட்டவில்லை. என்னுடையதை அலுமாரியிலிருந்து எடுத்து வெட்டினேன். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

பொன்னுருக்கு என்றால் தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குகிற சடங்கு. நகை செய்யும் ஆசாரியார் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். நிறைகுடத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பெண்கள் இருந்தோம். மச்சாள் தன் மினுமினுக்கும் கறுப்புப் பையைக் குடத்தோடு ஒட்டி வைத்திருந்தார். நானும் என் பையை, நிறம் நல்லாயிருந்த பக்கம் தெரிய, அதற்குப் பக்கத்தில் வைத்தேன். மச்சாளின் கண் அதில் விழுந்ததைக் கண்டேன். கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் மாப்பிள்ளையின் பெரியம்மா முந்திவிட்டார். ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. மச்சாளை மதித்து, அந்த வண்ணத்துப்பூச்சிச் சேலையை ஊரிலேயே முதல் ஆளாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தவரும் அவர்தான்.

"உதென்ன பிள்ளை, நிறைகுடத்துக்குப் பக்கத்திலை தோல் பை? எடு உதை. நல்ல காரியம் நடக்கிற வீட்டிலை செத்த மாட்டின்ரை தோலோ?"

பேச்சு நின்றுவிட்டது. ஆசாரியார்கூட நிமிர்ந்து பார்த்தார். தோல் மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு மாதம் பாடுபட்டவள் நான். ஆசை நிறைவேறிவிட்டது.

மச்சாள் என்னைக் காப்பாற்ற வந்தார். "அது தோல் இல்லை அக்கா. நான்தான் போன முறை கொண்டுவந்து குடுத்தனான். தோல் மாதிரி அங்கை செய்து விக்கிறவங்கள்."

"அப்ப சரி," என்றார் பெரியம்மா. "கனடாச் சாமான் எண்டால் சுத்தமாத்தான் இருக்கும்."

பை தப்பிவிட்டது. அதைத் தைத்த நான்தான் காணாமல் போய்விட்டேன். பேசாமல் இருந்திருக்கலாம், அன்பாகத்தான் அவர் பொய் சொன்னார். ஆனால் மூன்று கிழமை முடிச்சுகளையும் கனடாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"இது நான் தைச்சது," என்றேன்.

"பகிடி விடாதை பிள்ளை," என்று பெரியம்மா சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

பையைத் திறந்து, உள்துணியை வெளியே இழுத்துக் காட்டினேன். கிளிப்பச்சையில் ஒரு பெரிய செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி எல்லோர் முன்னாலும் சிறகை விரித்தது. பெரியம்மா அதைப் பார்த்தார். பிறகு தன் மடியைப் பார்த்தார். பிறகு எல்லோரும் மச்சாளைப் பார்த்தோம்.

நான் தைத்தது என்று இப்போது எல்லோரும் நம்பினார்கள். மச்சாளின் சேலைக்கு நான் கொடுத்த மரியாதையும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மச்சாள் கையை நீட்டிப் பையை வாங்கினார். வண்ணத்துப்பூச்சியை அவர் பார்க்கவில்லை. கைபிடியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தார்.

"இது நிக்காது. ரெண்டு மாசத்திலை கழண்டிடும். நாளைக்கு உம்மடை வீட்டை வாறன், மெசினுக்கு எண்ணெய் விட்டு வையும்."

சேலைக்காகப் பழிவாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் வந்தார். பிளேட்டால் என் தையலைப் பிரித்தார், கைபிடியின் அடியில் சதுரமாகத் தையல் ஓட்டினார், சதுரத்துக்குள் குறுக்காக இரண்டு கோடு. கால் மெசினை மிதித்தபடி ஜன்னலைப் பார்த்து என் மகளின் படிப்பை விசாரித்தார். ஊசி தன்பாட்டில் சரியான இடத்தில் திரும்பியது. நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் கைபிடிகளின் நாலு முனையும் முடிந்துவிட்டது. இரண்டு கைபிடியும் மயிரளவும் பிசகாமல் ஒத்து நின்றன.

"எங்கை பழகினனீங்கள்?"

"வேலையிலை. பதினெட்டு வருசமா உதுதான்."

"கொம்பனியிலை குவாலிட்டி பாக்கிற வேலை எண்டெல்லோ ஊரிலை சொன்னவை…"

"அது வேறை ஒருத்தி. அவ கோணல் எண்டு கழிக்கிற பையளை எங்களுக்குத் தருவினம். அதுதான் உமக்குக் கொண்டுவாறது. அதிலை பாதி என்ரை கோணல்தான்." தேநீரைக் குடித்தார். "என்னட்டை வரேக்கை பை முடிஞ்சிருக்கும். கைபிடி மட்டும்தான் என்ரை வேலை. ஒரு பையை முதலிலையிருந்து கடைசி மட்டும் நான் ஒருநாளும் தைச்சதில்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய ஐந்து பைகளும் அந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தன. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

"சீலையை வெட்டினது பிழைதான் மச்சாள்," என்றேன்.

"சீ, அந்தச் சீலை எனக்கும் பிடிக்கேல்லை. கடைக்காரன் தலையிலை கட்டிவிட்டிட்டான். நேற்று அதைக் கட்டிக்கொண்டு வந்த அக்காவிட்டைச் சொல்லிப் போடாதையும். மற்றது, நேற்றுக் குடத்தடியிலை இருந்த என்ரை பைதான் உண்மையான மாட்டுத்தோல்."

சிரித்து முடிந்ததும் பையைத் திருப்பி, பூவின் காம்போரமாக விரலால் தடவினார். வெளிறியிருந்த துணி இருண்டது.

"வெங்காயப் பூவெல்லே? காம்பு சரியா வந்திருக்கு."

இருபது வருடம் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

இன்னும் அந்தப் பையோடுதான் பஸ்ஸில் ஏறுகிறேன். மச்சாள் தந்ததோ என்று இன்னும் கேட்கிறார்கள். கைபிடி மட்டும், என்று சொல்கிறேன்.