தறி செட்டில் குறுக்கே கிடந்த ஆறடி லேத்

மண்ணெண்ணெய், கருகின ஆயில், அதற்கும் அடியில் எப்போதோ ஓடின தறியின் கஞ்சி வாடை... மூன்றும் கலந்த ஒரு வாசனை. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்பக்கம் தறி செட். தறிகளை விற்றபின் சும்மா கிடந்த அந்த இடத்தில், கொரோனா ஓய்ந்த சமயம், ஆறடி லேத் ஒன்று வந்து இறங்கியது.

சித்தப்பா மகன் பட்டறையை மூடிவிட்டு துபாய்க்குக் கிளம்பும்போது, "அண்ணே, நீயே வச்சுக்கோ" என்று தந்துவிட்டுப் போனான். நான் பார்ப்பது இன்சூரன்ஸ் வேலை. லேத் இரும்பைக் கடையும் என்பதுவரை தெரியும். ஆனாலும் ஊரெல்லாம் "நம்ம பட்டறை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கே வைப்பது? வாஸ்து பார்த்ததும் நானேதான். மோட்டார் நெருப்பு சமாச்சாரம், அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று, அதன் தலைப்பக்கத்தைத் தென்கிழக்குச் சுவரோடு ஒட்டி, செட்டுக்குக் குறுக்கே போடச் சொன்னேன். இறக்கினவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலமானால் ஸ்விட்ச் போடுவேன். வெறுமனே சுற்றும். பார்ப்பேன். வெட்டிப் பார்க்கப் பயம். ஆயுதபூஜைக்கு சந்தனம் பூசியதுதான் அதில் நான் செய்த ஒரே வேலை.

என் மனைவி கோமதி உள்ளறையில் பிளவுஸ் தைப்பாள். அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால், நான் கைலியைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓட வேண்டும். அவளுக்கு அந்த செட்டில் தையல் கடை போட ஆசை.

"ஏங்க, சும்மா சுத்தவிட்டு வேடிக்கை பாக்கதுக்கு ஒரு ஃபேன் போதாதா?" என்றாள்.

தொழில் தெரிந்தவர்களும் அதையே சொன்னார்கள். இதை விற்றுவிட்டு, மேசை மேல் வைக்கிற சின்ன லேத் வாங்கிப் பழகு, புதுசா கத்துக்கிடுதவனுக்கு அதுதான் சரி என்று. நானும் மனசைத் தேற்றிக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன். கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் வந்தார். சவுதியில் பட்டறை வேலை பார்த்துவிட்டு வந்தவர். கூடவே வண்டியும் இரண்டு லோடுமேன்களும்.

பாய் சுற்றி வந்தார். சுவருக்கும் தலைப்பக்கத்துக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். விரல்கூட நுழையவில்லை.

"அண்ணாச்சி, யாரு இப்படி ஒட்டி வச்சது?"

"வாஸ்து, பாய்."

"நீளக் கம்பியை இந்தத் தலைப்பக்கத்து ஓட்டை வழியாத்தான் உள்ள விடணும். இப்படிக் கெடந்தா அடுத்த வீட்டுல நின்னுல்லா சொருகணும்."

லோடுமேன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். கோமதி திருப்பவில்லை. என்னைப் பார்த்தே சிரித்தாள்.

"சரி, வெட்டிக் காட்டுங்க" என்றார் பாய்.

துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்றைப் பூட்டி, ஸ்விட்சைப் போட்டு, வெட்டுகிற டூலை அதில் கொண்டுபோய் வைத்தேன். பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பாய் மெஷினை நிறுத்தி, டூலுக்கு அடியில் சின்னத் தகடு வைத்து, அதன் முனையைக் கம்பியின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓடவிட்டார். "இப்பத் திருப்புங்க."

"விலகுங்க, நான் திருப்புதேன்" என்றாள் கோமதி. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

அவசரமே இல்லாமல் திருப்பினாள்.

துரு உதிர்ந்தது... அப்புறம் இரும்பு உரிந்தது. ரிப்பன் மாதிரி நீளமாக, நீல நிறத்தில், லேசாகப் புகைந்துகொண்டே சுருண்டு சுருண்டு விழுந்தது. மாவு சலிக்கிற மாதிரி சன்னமான சத்தம். இரும்பு இப்படியெல்லாம் வளையும் என்று யார் கண்டது? மெஷின் நின்றதும் பார்த்தால், அந்தக் கம்பியில் அவள் மூக்குத்தி தெரிந்தது.

"துருவுக்கு அடியில இம்புட்டு வெளிச்சமாங்க கெடந்துச்சு?" என்றாள் மெதுவாக.

"மெஷின் சுத்தமா இருக்கு. ஏத்திருவோம்" என்றார் பாய்.

"இல்ல பாய். இது கொடுக்கதுக்கில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, உன் தையல் கடை?"

"நீங்க குறுக்க போட்டதுதான் இடத்தை அடைக்கு. பக்கச் சுவரோரமா, தலைப்பக்கம் வாசலைப் பாக்கத் திருப்பிப் போட்டா பாதி செட் மிஞ்சும். கம்பியும் வாசல் வழியா வந்துட்டுப் போகுது."

பாய் குனிந்து அவள் கடைந்த கம்பியைப் பார்த்தார். வாங்கியே தீருவது என்று வந்தவர்.

"சின்ன லேத்துல பழகுங்கன்னு நானும் சொல்லணும்னுதான் வந்தேன், தங்கச்சி. இனி எப்படிச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு, ஒரு கடப்பாரை கேட்டார்.

ஏற்ற வந்த லோடுமேன்களே திருப்பிப் போட்டார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

கோமதி பழகிப் பழகி, இப்போது ஒரு பக்கம் பிளவுஸ், ஒரு பக்கம் லேத். பனவடலிசத்திரத்திலிருந்து மோட்டார் ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையா?" என்கிறார்கள். தூள் கூட்டுவது என் டிபார்ட்மெண்ட்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். இப்போது கோமதி கடைந்துகொண்டே, "ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்க?" என்று கேட்கிறாள். அந்த நீலச் சுருள் விழுவதை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான்தான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறேன்... என்ன வைக்க என்று அவள் இரண்டாம் தடவை கேட்கும்வரை.