களத்தில் காய்ந்த ஓவியம்

மாதம்மாள் ஓவியம் வாங்கின கதையை காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர் கண்டுகொள்வதில்லை.

ஆறு வருஷத்துக்கு முந்தின ஏற்காடு கோடை விழாவில் ஏரிக்கரையோரம் வெண்ணிலா தன் ஓவியங்களைப் பரப்பி வைத்திருந்தாள். மலைக்காரப் பெண்தான், சென்னையில் ஓவியம் படித்தவள். அவள் ஓவியங்களில் மரம் இல்லை, மாடு இல்லை, வெறும் நிறங்கள். வந்தவர்கள் அவற்றின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். மாதம்மாள் மட்டும் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சாம்பல் பரப்பு, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். குக்கருக்கென்று வைத்திருந்த போனஸ் பணத்தைக் கொடுத்து அதை வாங்கி வந்தார்.

"ஏம்மா, இது என்னது?" என்றான் மகன் கார்த்திக்.

"தெரியல சாமி. புடிச்சுது."

அப்புறம் வருஷத்துக்கு ஒன்றாக வெண்ணிலாவிடம் வாங்கிய சின்னச் சின்ன ஓவியங்கள் சுவரில் ஏறின. குக்கர் இன்னும் வரவில்லை.

போன அடைமழையில் அந்த முதல் ஓவியத்தில் பூஞ்சை படிந்தது. முப்பது வருஷம் களத்தில் காப்பிக்கொட்டை காயவைத்தவருக்குப் பூஞ்சை என்றால் ஒரே வைத்தியம்தான் தெரியும். வெயில் வந்த முதல் நாளே ஓவியத்தைக் களத்தில் போட்டார். அரைமணிக்கு ஒரு தடவை கொட்டையைத் திருப்புவதுபோல் அதையும் அக்கறையாகத் திருப்பிப் போட்டார். சாயங்காலம் பார்த்தால் சாம்பல் நிறமெல்லாம் விரிசல்.

அந்த வாரமே வெண்ணிலா போன் செய்தாள். சென்னையில் பெரிய கண்காட்சியாம், அந்த முதல் ஓவியம்தான் வேண்டுமாம். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட மாதம்மாள் யோசித்தார். மனசு வரவில்லை. எடுத்துப்போக வந்தவளின் கையில் அப்படியே கொடுத்துவிட்டார்.

"திட்டறதுன்னா திட்டிரு கண்ணு. பூஞ்சை போகட்டும்னு களத்துல காயப் போட்டுட்டேன். நீ பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிப்புட்டேன்."

வெண்ணிலா விரிசல்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்கக்கா, அன்னைக்கு இதை எதுக்கு வாங்குனீங்க?"

"அரிசி, மருந்து, பையனுக்குப் பீஸுன்னு ஆயுசு பூரா வாங்குனதெல்லாம் ஊட்டுக்குத்தான். எனக்குன்னு மொதமொதல்ல வாங்குனது இதுதான். வேலை முடிஞ்சு வந்து இதும் முன்னால உக்காந்தா நானும் ஒரு ஆளுன்னு இருக்குது."

வெண்ணிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வித்த முதல் படம் இதுதானுங்க. அன்னைக்கு இது போகலீன்னா பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு வேற வேலைக்குப் போயிருப்பேன். விரிசலோடவே கொண்டு போறேனுங்க. திருப்பிக் கொண்டாந்து நானே மாட்டித் தாரேன்."

பத்து நாள் கழித்து கார்த்திக்கின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. ஓவியத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையை அவன் படித்தான்: "துணி, எண்ணெய் வண்ணம், சேர்வராயன் மலையின் ஒரு நாள் வெயில். சொந்தக்காரர்: மாதம்மாள், ஏற்காடு."

குடியிருக்கும் வீடுகூட எஸ்டேட்டுக்குச் சொந்தம். சொந்தக்காரர் என்று தன் பெயரை ஒருவர் எழுதியது மாதம்மாளுக்கு இதுதான் முதல் தடவை.

"அந்தப் புள்ள நொம்ப நல்லா இருக்கோணும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொருக்கா படி சாமி."