கேட்டால்தான் சுண்டல்

புதுச்சேரி டவுனை ஒட்டிய எங்கள் ஊர் கைக்குள் அடங்குகிற ஊர். அதற்கு இரண்டு அங்கன்வாடி. ஒன்று ஏரிக்கரைத் தெருவில், மழை வந்தால் ஒழுகும் ஒற்றை அறை. இன்னொன்று மெயின் ரோட்டில், சுவரெல்லாம் யானையும் மயிலும் வரைந்த புதுக் கட்டடம். டைல்ஸ், டிவி, குட்டி நாற்காலி என்று சகல சம்பிரமமும் உண்டு. மகளைச் சேர்க்கும் முன் இரண்டையும் போய்ப் பார்த்தேன். மூன்று வயதாகியும் அவள் வாய் திறக்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, நிறையப் பேச்சுக் கொடுங்கள் என்றார் டாக்டர். தட்டாஞ்சாவடி கம்பெனியில் பேக்கிங் முடித்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் எப்போது பேச்சுக் கொடுப்பது?

புதுக் கட்டடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார, தட்டு தானாக முன்னால் வந்தது. ஏரிக்கரையில் ஒரே கூச்சல். டீச்சர் சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்து ஏதாவது ஒரு சத்தம் கொடுத்தால்தான் சுண்டல்.

"பச்சப் புள்ளைங்கள ஏங்கவுட்டு குடுக்குது பாரு, கஞ்சப் பொம்பள" என்றாள் கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் ஆத்திரம்தான். டீச்சரிடமே கேட்டுவிட்டேன்.

"அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு சொல்றோமில்லம்மா? யாரையும் பட்டினி போட மாட்டேன். கொஞ்சம் காத்துக்குனு இருப்பேன், அவ்ளோதான்" என்றார் அவர்.

அங்கேயே சேர்த்தேன். தெருவே என்னைப் பைத்தியக்காரி என்றது. மழைக்காலம் முடிகிற சமயம், லீவு போட்டுவிட்டு ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். மகள் கிண்ணத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "தா" என்றாள். டீச்சர் ஆரவாரம் எதுவும் பண்ணாமல் சுண்டலைக் கையில் வைத்து, "இன்னும் வேணுமா?" என்றார். மறுபடியும் "தா". சுவரோரம் போய் நின்று அழுதேன்.

எல்லாரும் புதுக் கட்டடத்துக்கே பிள்ளைகளை அனுப்பியதால் ஏரிக்கரையில் எண்ணிக்கை குறைந்துபோனது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புது இடத்து டீச்சரையும் குறை சொல்ல முடியாது. அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் வாயையும் பார்த்துக் காத்திருக்க அவருக்கு ஏது நேரம்? வீட்டில் நானும் கிண்ணத்தை மடியில் வைத்துப் பார்க்கிறேன். நான் வந்து சேர்வதற்குள் அவள் பாதித் தூக்கத்தில் இருக்கிறாள். பசிக்கிற பிள்ளையை எழுப்பி உட்காரவைத்துக் காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை, ஊட்டிவிடுகிறேன்.

போன வாரம் அவளை அழைத்துவர நானே போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"ஒங்க பொண்ணு மாதிரி தங்கமான புள்ள இங்க கெடையாதுங்க. தட்ட வச்சா சாப்டுட்டு அது பாட்டுக்கு இருக்கும். ஒரு சத்தம் கெடையாது."

சுற்றி நின்ற அம்மாக்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.