நாற்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி

விகாத்தியைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் சில நாட்களாக நான் கண்ணாடி பார்க்காமலேயே சவரம் செய்துகொள்கிறேன்.

செமாராங் நகரத்துக்குப் பக்கத்தில் உங்காரானில் இருக்கும் எங்கள் ஆடை ஆலையில் அவள் ஆறாம் வரிசைத் தையல்காரி. பதினோரு வருடமாகக் காலர் தைக்கிறாள். கணவன் கடல் தாண்டிக் கலிமந்தான் தீவுக்குச் சுரங்க வேலைக்குப் போனவன், போனவன் போனவன்தான். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். கடையில், பேருந்தில், ஒருமுறை கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டைக் கையைக்கூட மடித்துப் பார்த்து எங்கள் மானத்தை வாங்கினாள். வெளிப்பக்கம் எல்லோரும் நன்றாகத்தான் தைப்பார்கள் என்பது அவள் வாதம்.

பஞ்சுத் தூசி அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு இழுக்கும். தையல் தளத்தை விட்டு வெளியே வா, இல்லாவிட்டால் நெஞ்சு போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆலையின் கணினிப் பிரிவில் ஒரு நாற்காலி காலியானது. நோன்புப் பெருநாளுக்குள் நிரலாக்கச் சான்றிதழ் கொண்டுவரும் ஊழியருக்கு அது என்றார் மேலாளர். இரண்டு பேர் செமாராங்கில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தோம். ஒருத்தி அவள். மற்றவன் துணிக்கிடங்கில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்த நான். எனக்கு நெஞ்சும் நன்றாக இருந்தது, வேலையும் சுகமாகத்தான் இருந்தது. குளிர்சாதன அறையில் உட்கார ஆசை, அவ்வளவுதான்.

அந்தக் கல்லூரியின் வழக்கத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் கணினியில் செய்ததை எல்லாம் வீட்டுக்குப் போய்க் கோடு போட்ட பெரிய தாளில் கையால் எழுதிக் கொண்டுவர வேண்டும். நிரல் முழுவதையும், அரைப்புள்ளி விடாமல், நீல மையில். ஓர் எழுத்து அடித்தால் தாளே போச்சு, முதலிலிருந்து எழுது. அதைத் திருத்த ஓர் உதவியாளன். யுதாந்தோ என்று பெயர், இருபத்தொரு வயது, அவனும் மாணவன்தான். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுவான். ஒத்துப்போனால் கையெழுத்துப் போடுவான், ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு மையில் ‘மறுக்கப்பட்டது’. மூன்று மறுப்பு வாங்கினால் தேர்வு எழுத முடியாது, அடுத்த வருடம் வா.

ஏழாவது வாரம் மரபுரிமை நடத்தினார்கள். நிரலில் கிளாஸ் என்கிற ஒரு வார்ப்பு இன்னொன்றிடமிருந்து பண்புகளைப் பெற்றுக்கொள்வது. கூடவே அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், அதாவது முழுதும் நிரப்பாமல் விட்ட வார்ப்பு. கையேட்டில் விலங்கு என்று ஒரு கிளாஸ், அதற்குக் குரல் கொடுக்கத் தெரிய வேண்டும், ஆனால் என்ன குரல் என்று எழுதியிருக்காது. அதிலிருந்து பிறக்கும் பூனையும் நாயும் ஆளுக்கொரு குரலை நிரப்பிக்கொள்ளும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விகாத்தி பேருந்தில் ஒரே நிமிடத்தில் புரியவைத்தாள். என்னை மாஸ், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

“ஆர்டர் சீட்டு வருதில்ல, மாஸ் கிஸ்வோ. பொத்தான் இத்தன, துணி இந்த ரகம், காலர்ங்கிற இடம் மட்டும் வெறுமையா. அத வச்சு நான் சட்டை தைக்க முடியுமா? ஒவ்வொரு சட்டைக்காரனும் தன் காலர எழுதிக் குடுத்தாத்தான் தையல் ஓடும். வெறும் சீட்டு சட்டை ஆகாது.”

நாற்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி அந்த வெறும் சீட்டைத்தான் தைக்கச் சொன்னது. பூனை வேண்டாம், நாய் வேண்டாம், வெறும் விலங்கு ஒன்றை உருவாக்கு என்றது. ஓடாது. ஓடவும் கூடாது. கணினி சிவப்பில் கத்தியது. எல்லோரும் என்ன செய்தோம்? அந்த வரியை அழித்துவிட்டு நிரலை ஓட்டினோம். வீட்டுக்குப் போய் அதே வரியை நீல மையில் அழகாக எழுதினோம். ஈயடிச்சான் காப்பி. முப்பத்திரண்டு பேர், ஒருவருக்கும் கை கூசவில்லை.

விகாத்தி மட்டும் அந்த வரியை விட்டுவிட்டு எழுதினாள். மறுக்கப்பட்டது. அடுத்த சனிக்கிழமை, அந்த வரியை மறுபடி விட்டுவிட்டு, அது ஏன் ஓடாது என்று ஒரு குறிப்போடு எழுதினாள். மறுக்கப்பட்டது. அவள் யுதாந்தோவிடம் மெதுவாகத்தான் கேட்டாள், கணினியில் போட்டுப் பாருங்களேன் என்று. அவன் பக்கத்திலேயே கணினி இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நானும் இதே வரிக்காக ரெண்டு தடவ திருப்பி எழுதினவன்தான், ம்பாக். எனக்கு யாரு பாவம் பாத்தா?”

ம்பாக், அதாவது அக்கா, என்று மரியாதையோடு வந்த அந்தப் பேச்சில் இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். தான் தின்ற அழுகல் பழத்தை அடுத்தவன் வாயிலும் திணித்துவிட்ட திருப்தி.

விகாத்தி கையேட்டின் உள்பக்கத்தைப் பார்க்கக் கிளம்பினாள். கல்லூரி வாசலில் நகலகம், அங்கேதான் வருடா வருடம் கையேட்டை அச்சடித்துத் தைத்துத் தருவார்கள். போன வருடத்து நகலிலிருந்து இந்த வருடத்து நகல், இதிலிருந்து அடுத்தது. கடைக்காரர் பரணிலிருந்து பழைய மூலப் பிரதியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன: ‘மேலே உள்ள கடைசி வரி ஓடாது. ஏன் என்று உங்கள் சொற்களில் எழுதுக.’ எட்டு வருடத்துக்கு முன் யாரோ தாளை நகல் எந்திரத்தின் கண்ணாடிமேல் கோணலாக வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வரிகள் நகலில் விழவில்லை. மாணவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்த தப்பை எட்டு வருடமாக மாணவர்கள் பாடமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். நேராக விரிவுரையாளர் பாக் ஹர்ஜோனோவிடம் போனாள்; பாக் என்றால் எங்கள் ஊரில் ஐயா. என்னையும் சாட்சிக்குக் கூட்டிப்போனாள். அவர் மூலப் பிரதியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இதை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றார்.

“எட்டு வருஷமா எழுதினவங்களுக்கெல்லாம் மார்க் போட்டாச்சு. அவங்க எழுதினது தப்புன்னு இப்ப நான் சொல்லணுமா, விகாத்தி அம்மா? எல்லாரும் எழுதறாங்க, நீங்க மட்டும் எழுதாம ஏன் அடம் பிடிக்கிறீங்க? இது ஓடலன்னு வேற யாரு பாத்தது?”

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஏழாவது வாரம் என் கணினியில்தான் அந்த வரி கத்தியது, அவள்தான் பக்கத்தில் நின்று காரணம் சொன்னாள். என் தாளில் ஏற்கெனவே யுதாந்தோவின் கையெழுத்து விழுந்திருந்தது. இரண்டு பேர், ஒரு நாற்காலி.

“எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, பாக்.”

இதை நான் சொன்னேன். இந்த வாயால்.

திரும்பும்போது அவள் திட்டவில்லை. வழக்கம்போல வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த தெம்பே சோயா வில்லையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். நானும் வாங்கித் தின்றேன். 

அடுத்த வாரம், கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன், ஒரே ஒரு வரிதானே, எழுதித் தொலை என்று. அவள் மூன்றாவது தாளில் அந்த வரியை எழுதினாள். அதன் கீழே விழாமல் போன கேள்வியையும் எழுதினாள். அதற்குக் கீழே பதில். வெறும் சீட்டு சட்டை ஆகாது என்பதைத்தான் பாடத்தின் மொழியில், ஓர் அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் அந்த வருடம் பாடத்தைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட ஒரே தாள் அதுதான். யுதாந்தோ கையேட்டோடு ஒப்பிட்டான். கூடுதலாக ஆறு வரிகள். மறுக்கப்பட்டது.

பெருநாளுக்கு முன் நான் சான்றிதழோடு மேலாளர் முன் நின்றேன். நாற்காலி எனக்கு வந்தது. அவள் ஆறாம் வரிசையிலேயே இருந்தாள், முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி கட்டிக்கொண்டு.

மூன்று மாதம் கழித்து ஆர்டர் கணக்குக்கு ஒரு நிரல் எழுதச் சொன்னார்கள். ஆடை என்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், அதிலிருந்து சட்டை, கால்சட்டை, பாவாடை. ஜம்பமாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஓடவில்லை. சிவப்பு எழுத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மதிய உணவு இடைவேளையில் விகாத்தியைக் கூப்பிட்டு அனுப்பினேன். மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சிரைப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. தலைத்துணியில் நூல் ஒட்டியிருந்தது. திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

“வெறும் ஆடைய உருவாக்கச் சொல்லியிருக்கீங்க, மாஸ். நீல மையில எழுதிப் பாத்தீங்களா?”

சிரிக்காமல்தான் சொன்னாள். அந்த இடத்தில் சட்டை என்று போடுங்கள் என்று விரலால் காட்டினாள். மணி அடித்தது. இறங்கிப் போனாள். படிக்கட்டு முழுக்க அவள் இருமல் கேட்டது.

அவள் சொன்னபடி மாற்றினேன். ஓடியது. மாலையில் மேலாளர் வந்து திரையைப் பார்த்து, தோளில் தட்டி, இரண்டு நாளில் முடித்துவிட்டீர்களே, யாராவது உதவினார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.