மூன்று வாட் பாட்டு

2005-ஆம் வருஷம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்கு சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட். மெஷின் சத்தத்தில் காதே மரத்துப்போய்தான் வீட்டுக்கு வருவேன்.

வந்ததும் எனக்கு ஒரே ஒரு ஆடம்பரம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, பரணில் கிடந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை என்னிடம் கொடுத்திருந்தார். அதற்கு ஒரு ஸ்பீக்கர், ஒரு கேசட் பிளேயர். சுவிட்சைப் போட்டவுடன் பாடிவிடாது. வால்வுக்குள் கம்பி செம்மஞ்சளாகப் பழுத்து, சூடேறி, அப்புறம்தான் பாட்டு மெல்ல எழும்பும். எழும்பினாலும் மொத்தமே மூன்று வாட்தான்.

"நம்ம மிக்சி இதவிட சத்தமா பாடும். இதுக்கு இன்னா இவ்ளோ சீராட்டு?" என்பாள் என் மனைவி. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பழைய பாட்டு கேசட் ஒன்று ஓடும்.

பக்கத்து வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி, எங்களுக்கு அண்ணனும் அக்காவும். அண்ணன் மில்லில் தறி ஓட்டியவர், மில் மூடின பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்து, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் சுவரை ஒட்டித்தான் அவர் கட்டில்.

"ஒடம்பு முடியாதவங்க பக்கத்துலயே படுத்திருக்காங்க. பாட்டு கேக்குதா ஒனக்கு?" என்று மனைவி அதட்டினாள். செட்டுக்குத் துணி போட்டு மூடினேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, போங்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் அண்ணன் வாசலில் வந்து தயங்கி நின்றார். ஆட்டோ பிடிக்கச் சொல்ல வந்திருக்கிறார் என்று பதறிச் சட்டையைத் தேடினேன்.

"அதெல்லாம் இல்ல தம்பி. பாட்டுப் பொட்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

இல்லை, அக்காவுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நிறுத்திவிட்டேன் என்றேன்.

"அவ தெனம் கேக்கறா தம்பி. 'பாட்ட நிறுத்திட்டாங்களே, நான் இன்னும் இருக்கறது அவங்களுக்குத் தெரியாதா'ன்னு கேக்கறா."

எங்கள் தெருவில் சாவு விழுந்தால்தான் கருமாதி வரைக்கும் அக்கம்பக்கத்தில் யாரும் பாட்டுப் போடமாட்டோம். உயிரோடு இருக்கும் ஒருத்திக்கு அந்த மரியாதையைச் செய்து வைத்திருக்கிறேன்! மனைவி உள்ளேயிருந்து கேட்டுவிட்டு, "ஐயோ, நான்தானே சொன்னேன்" என்று அழுதேவிட்டாள்.

உடனே செட்டைப் போட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சரியாகக் கேட்கவில்லையாம் என்று திரும்பி வந்தார். முன்பெல்லாம் கேட்டதுதான், இந்த ஒரு வாரத்தில் அக்காவின் காது அவ்வளவு தளர்ந்திருந்தது. முழுசாகத் திருகினால் பாட்டு கரகரத்தது. சரி, ஸ்பீக்கரையே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டை ஓடவிட்டால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதனால் முதலில் நிறுத்தி, நீளமாக ஒயர் இணைத்து, கொல்லைச் சுவர்மேல் அதைப் போட்டு, அக்காவின் தலைமாட்டில் ஸ்பீக்கரை வைத்தோம். செட்டுக்குப் பக்கத்தில் மனைவி. "போடு!" என்று நான் கத்த, "போட்டாச்சு!" என்று அவள் கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு பாட்டு மெதுவாக எழும்பியது. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாட்டு முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கலாமா தம்பி?" என்றார்.

"அதுக்கு அவ்ளோதான்க்கா தெம்பு."

"எனக்குந்தான். இருந்துட்டுப் போவட்டும்" என்று சிரித்தார். படுத்ததிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள் என்று அண்ணன் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஸ்பீக்கர் அங்கேயே இருந்தது. எங்கள் வீட்டில் செட்டைப் போடுவேன். பாட்டு அவர்கள் வீட்டில் கேட்கும். எங்களுக்கு வேண்டுமானால் நாங்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்வோம். என் மனைவி அங்கேயே கீரை ஆய்வாள், அக்காவிடம் ஊர்வம்பு பேசுவாள். அக்கா அந்த வருஷத்து மழைக்காலத்தைத் தாண்டவில்லை. ஆனால் கடைசிச் சாயங்காலம் வரைக்கும் அந்தக் கட்டிலருகே பாட்டும் பேச்சும் இருந்தன.

இன்றைக்கும் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போனால் நான் குசுகுசுவென்று பேசுவதில்லை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் பேசுகிற குரலிலேயே, "இன்னா, சாப்டாச்சா?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.