எஞ்சின் விளக்கும் என் துப்பறிதலும்

எங்கள் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததை முதலில் பார்த்தது நான்தான். அந்தப் பெருமையை நான் அப்போது யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பத்து வயது. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் குடியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார், பக்கத்தில் அம்மா, பின்னால் சித்தப்பாவும் நானும். முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு வருவதுதான் என் வழக்கம். மீட்டர் பலகையில் எஞ்சின் போல ஒரு சின்னப் படம் மஞ்சளாக எரிந்தது. "அப்பா, லைட்டு" என்றேன்.

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். அணைத்துவிட்டு மறுபடி முடுக்கினார். விளக்கு போகவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்தான், ஆனாலும் வெளிநாட்டு வண்டி என்று அப்பாவுக்கு அதன்மேல் தனி மரியாதை. வாரம் முழுக்க அது வாசலில் சும்மா நிற்கும். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார், சனி ஞாயிறில்தான் காரைத் தொடுவார். சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன கேடு வரும் என்று அவருக்குப் புரியவில்லை. சாமி காத்திருக்கட்டும் என்று வண்டியை நேராகப் பட்டறைக்குத் திருப்பினார்.

பட்டறை ஃபோர்மேன் ஒரு வயதான சீனர். கையகலக் கருவி ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, அதில் வந்த எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய் பெட்ரோல் மூடியைத் தொட்டுப் பார்த்தார். மூடி ஆடியது. இந்த மாதிரி வண்டியில் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் விளக்கு எரியும், 'டக் டக்' என்று சத்தம் வரும்வரை திருக வேண்டும் என்று மலாயில் விளக்கினார். கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள் என்று கேட்டார்.

அப்பா பெட்ரோல் போட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அப்போது அவரே கையால் திருகி மூடியதும் அவருக்கு நினைவிருந்தது. முள்ளைப் பார்த்தார். விட்ட இடத்திலேயே, பாதியில் நின்றது. பெட்ரோலை யாரோ திருடியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். திருடியிருந்தால் முள் இறங்கியிருக்கும் என்றார் அப்பா. அப்படியானால் வண்டியை யாரோ எடுத்து ஓட்டிவிட்டு, தெரியாமல் இருக்கத் திரும்பப் பெட்ரோல் நிரப்பி வைத்திருக்கிறார்கள். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி வழியாகச் சித்தப்பாவைப் பார்த்தார், அவ்வளவுதான். நானும் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா சாலையோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா மடியில் இருந்த பூஜைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, எங்களோடுதான் தங்கியிருந்தார். எனக்கு அவர்மேல் உயிர். ஆனால் காரின் மாற்றுச் சாவி சமையலறை ஆணியில் தொங்கியது, வார நாளில் வீட்டில் இருக்கிற ஆண் அவர் ஒருவர்தான், வண்டி ஓட்டவும் தெரியும். அம்மாவைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. அம்மாவுக்கு ஓட்ட வராது என்பது எங்கள் வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட விஷயம். கல்யாணமான புதிதில் ஒருமுறை வண்டியைப் பின்னால் எடுத்து வாசல் தூணில் உரசிவிட்டாராம். லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதுமா என்று அப்பா சொன்னதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு அந்த மாதங்களில் வேறு ஒரு கவலை இருந்தது. அவருடைய ஒரே அக்கா, என் பெரியம்மா, கோத்தா திங்கிப் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் இருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் பல வருடமாகப் போக்குவரத்து இல்லை. அதற்குக் காரணம் நான்தான், அதாவது என் காதுகள். அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண்கள் கிடையாது. அதனால் என் காதுகுத்துக்குத் தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொள்ளப் பெரியப்பா சீர்த்தட்டோடு வந்திருக்கிறார். அப்பாவோ அந்த மடியை அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அந்த ஒன்றுவிட்ட அண்ணன் சிங்கப்பூரில் அப்பாவுக்கு மேலதிகாரி. பெரியப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு, இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். அப்பாவும் பதிலுக்கு அதையே சொன்னார். இரண்டு பெரிய மனிதர்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். சகோதரிகள் இருவரையும் யாரும் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கோயிலில் யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள் என்று அம்மா அப்பாவிடம் கேட்டதை நான் கேட்டேன். பெரியப்பா முதலில் வரட்டும் என்றார் அப்பா.

பட்டறைக்குப் போய்வந்த மறுநாள் காரைக் கழுவும்போது அப்பா என்னைத் தனியாக அழைத்தார். இனி தினமும் பள்ளி விட்டு வந்ததும் வண்டியைக் கவனிக்க வேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். "அம்மாகிட்டயும் சொல்லாத பாப்பா. அவ தம்பி தம்பின்னு அவனுக்குத்தான் பரிஞ்சு பேசுவா." என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே ஒரு யோசனை தோன்றியது. பள்ளியிலிருந்து எடுத்து வந்த வெண்கட்டித் துண்டால் பின்சக்கரத்தின் அடியில் ஒரு சிறிய கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு போட்டேன். சக்கரம் உருண்டால் இரண்டும் நேராக நிற்காது. குனிந்து தேடினால் ஒழிய யாருக்கும் தெரியாது. திங்கள் நேராக இருந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை பள்ளி வேன் இறக்கிவிட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். தரைக் கோடு இருந்தது, சக்கரத்தின் கோட்டைக் காணோம். மட்கார்டின் உட்புறம் செம்மண் அப்பியிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கால்மிதியில் ஒரு செம்பனைப் பழம் நசுங்கிக் கிடந்தது.

உள்ளே போனேன். சித்தப்பாவுக்கு அந்த வாரம் இரவு வேலை. கதவைத் திறந்துபோட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினேன். அசையவில்லை. இப்படி நடிக்கக்கூடியவர் எதையும் செய்வார் என்று முடிவு செய்துகொண்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். கடையில் வாங்கிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். கொஞ்ச நாளாகவே புதன்கிழமைகளில் பொட்டலச் சாப்பாடுதான். அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் சோம்பல் வருகிறது என்று நினைத்திருந்தேன். அதை நான் துப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் போய், போன ஞாயிறு குறித்து வைத்திருந்த எண்ணோடு மீட்டரை ஒப்பிட்டுப் பார்த்தார். கிட்டத்தட்டத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. என் தலையைத் தடவி, என் மகளுக்கு இருக்கிற மூளை இந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்றார். கோத்தா திங்கிக்குப் போய்த் திரும்பினால் இவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போட்டவர், அங்கே இவனுக்கு என்ன வேலை என்று தனக்குள் முணுமுணுத்தார். அம்மாவின் அக்கா அந்த ஊரில் படுத்திருப்பது அவருக்கு நினைவே வரவில்லை. எனக்கும்தான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா முதல் பிடிச் சோற்றை எடுக்காமலே கேட்டார். "புதன்கிழமை வண்டி எங்கடா போச்சு?"

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வெண்கட்டிக் கோட்டையும் செம்மண்ணையும் செம்பனைப் பழத்தையும் பள்ளியில் கட்டுரை வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். ரசத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பாத்திரத்தை மேசையில் வைத்தபோது கொஞ்சம் சிந்தியது.

"ஏங்க..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"நான்தாண்ணே எடுத்தேன்" என்றார் சித்தப்பா. "கோத்தா திங்கியில ஒரு பிள்ளைய பாக்கப் போனேன்."

"தம்பி, வேணாம்."

"நீங்க பேசாம இருங்க அண்ணி. எடுத்தது நான்."

சித்தப்பா அம்மாவிடம் அப்படி வெடுக்கென்று பேசி நான் கேட்டதே இல்லை. குட்டு உடைந்துவிட்ட கோபம் என்று நினைத்தேன். யார் அந்தப் பெண், யார் வீட்டுப் பிள்ளை, எத்தனை நாளாக நடக்கிறது என்று அப்பா கேட்டுக்கொண்டே போனார். சித்தப்பா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. சொல்லத்தான் அவரிடம் என்ன இருந்தது? வண்டியை எடுத்தது பெரிதில்லை, கூட இருந்துகொண்டே ஏமாற்றினாயே என்று அப்பாவின் குரல் உடைந்தது. அடுத்த வாரமே சித்தப்பா தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். மாற்றுச் சாவியை அப்பா தன் பையில் போட்டுக்கொண்டு தினமும் சிங்கப்பூருக்குக் கொண்டு போனார். எனக்குச் சித்தப்பா இல்லாதது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் குற்றவாளி பிடிபட்டால் அப்படித்தான் ஆகும் என்று தேற்றிக்கொண்டேன்.

பிடிபட்ட அந்தச் சனிக்கிழமை மாலை அம்மா எனக்குத் தலை வாரிவிட்டார். பிறகு, சக்கரத்தில் கோடு போடச் சொன்னது அப்பாவா என்று கேட்டார். நானே யோசித்தது என்று சொன்னேன். "கெட்டிக்காரி" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளிலும் அம்மா சமைத்தார். இரண்டு முறை அப்பாவிடம் நேராகவே கேட்டார், அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. இரண்டாவது முறை அழுதார். அப்பாவும் கொஞ்சம் இளகினார், தீபாவளி கழியட்டும் பார்ப்போம் என்றார். பேருந்தில் போனால் நான் பள்ளி விட்டு வருவதற்குள் திரும்ப முடியாது. என்னை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாமென்றால் அந்த யாராவது சித்தப்பாதான், அவரும் இல்லை. இதெல்லாம் இன்றைக்கு எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

தீபாவளிக்கு முன்பே பெரியம்மா போய்விட்டார்.

சாவு வீட்டுக்குப் போவதற்கு எந்த வைராக்கியமும் குறுக்கே வராது. அப்பா வேலைக்குப் போகாமல் காரை எடுத்தார். சித்தப்பா தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். கோத்தா திங்கியில் வந்த ஒரு வெள்ளத்துக்குப் பிறகு பெரியம்மா குடும்பம் மேட்டுப்பக்கம் வேறு வீட்டுக்கு மாறியிருந்தது. அந்த வீட்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் அப்பா வண்டியை நிறுத்தி, யாரையாவது கேட்கலாம் என்று கண்ணாடியை இறக்கினார். அம்மா வெளியே பார்த்தபடியே, "இடது பக்கம் போங்க. பச்சை தண்ணித் தொட்டி தாண்டி நாலாவது வீடு" என்றார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடிக்கும்வரை அவர் வண்டியை நகர்த்தவில்லை.

பந்தல் போட்டிருந்தார்கள். பெரியப்பா எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அப்பாவும் அழுதார். அம்மா உள்ளே போய்ப் பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அடுத்த வீட்டு அம்மாள் ஒருவர் வந்து அவர் தோளைத் தொட்டார். அப்பாவும் சித்தப்பாவும் இரண்டடி தள்ளி நின்றார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு மாசமா உங்கள காணோமே தங்கச்சி" என்றார் அந்த அம்மாள். "புதன்கிழமையானா போதும், ஜன்னல் பக்கம் கட்டில போடச் சொல்லிருவாங்க. எந்தக் கார் சத்தம் கேட்டாலும் தலைய தூக்கிப் பாப்பாங்க. போன வாரம் வரைக்கும் அப்படித்தான்."

அம்மா பதில் சொல்லவில்லை. யாராவது சொல்ல வேண்டுமே என்று எனக்குப் பட்டது. பாவம், துக்க வீட்டில் அந்த அம்மாளுக்கு ஆள் மாறிவிட்டது. அவருடைய முந்தானையை இழுத்து, கெட்டிக்காரப் பிள்ளையாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆன்ட்டி, அது வேற யாரோ. எங்க அம்மாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அதனால் நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.